சர்வர் அப்கிரேட் செய்யப் போகிறீர்களா? நெல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ இருந்துகொண்டு ஹோஸ்டிங் தொழில் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் உள்ளே வருகிறோம். முதலில் தெரிந்த கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுப்போம். அவர் இன்னொருவரிடம் சொல்லுவார். இரண்டு மூன்று வருடத்தில் ஒரு விபிஎஸ் (பெரிய சர்வர் ஒன்றில் நமக்கென்று ஒதுக்கிய பங்கு) வாடகைக்கு எடுத்து, அதில் இருபது பேருடைய தளங்களை வைத்திருப்போம். டவுனில் ஒரு அல்வாக் கடை, பத்தமடைப் பாய் விற்கிற ஒருவர், குற்றாலத்தில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறவர், மேலப்பாளையத்தில் ஒரு டிராவல்ஸ், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிளினிக். தளம் போட நமக்கு நன்றாகத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கிற தளத்துக்கு அடியில் இருக்கிற இயந்திரத்தை மாற்றுவது எப்படி என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை அதற்காக.

அப்கிரேட் என்றால் அந்த இருபது பேரின் வியாபார நேரத்தில் கைவைக்கிறோம் என்று பொருள். எந்தக் கட்டளையை எப்படி அடிப்பது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கு எந்த நாளில் எது நின்றால் வலிக்கும் என்பது எந்தக் கையேட்டிலும் கிடையாது. அதைத் தெரிந்துவைத்திருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் சர்வருக்கு வெளியே செய்ய வேண்டிய வேலைகளுக்கு இங்கே கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு

சர்வருக்குள் நுழைவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். எக்செல் தாளிலும் செய்யலாம், ஆனால் சர்வரிலேயே வைக்காதீர்கள். சர்வர் விழுந்த அன்றைக்குத்தான் அது தேவைப்படும்.

ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி டொமைன். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மெயிலுக்கு ரெனியூவல் அறிவிப்பு வருகிறது, ஓடிபி யார் போனுக்குப் போகிறது, எந்தத் தேதியில் முடிகிறது. இந்த நான்கையும் கேட்டு எழுதுங்கள். கடையில் முன்பு வேலை பார்த்த பையனின் மெயிலில் டொமைன் இருப்பது நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற விஷயம். அவர் இப்போது பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார், அந்த மெயிலை அவரே திறந்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும். அப்கிரேட் நடுவில் டிஎன்எஸ் (டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்கிற முகவரிப் பதிவு) மாற்ற வேண்டிய நேரத்தில் ஓடிபிக்காக அவரைத் தேடக் கூடாது. டொமைன் எப்போதும் கடைக்காரர் பெயரில், அவருடைய மெயிலில், அவருடைய எண்ணில்தான் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் இருந்தால் அதையும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வரிகளில் மென்பொருள் பதிப்புகள். சர்வரின் இயங்குதளம் எது, பிஎச்பி எந்தப் பதிப்பு, டேட்டாபேஸ் எந்தப் பதிப்பு, வேர்ட்பிரஸ் என்றால் எந்தத் தீம், என்னென்ன ப்ளகின். மெயில் இதே சர்வரில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா. பணம் வாங்கும் கேட்வே எது, எஸ்எம்எஸ் அனுப்புகிற நிறுவனம் எது.

இப்போது ஒவ்வொரு பதிப்புக்கும் பக்கத்தில் அதன் ஆயுள் முடியும் தேதியை எழுதுங்கள். சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. உபுண்டு 20.04க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு நின்றது. பிஎச்பி 7.4க்கு 2022 நவம்பர் 28, பிஎச்பி 8.1க்கு 2025 டிசம்பர் 31, பிஎச்பி 8.2க்கு 2026 டிசம்பர் 31. மைஎஸ்கியூஎல் 5.7க்கு 2023 அக்டோபர், 8.0க்கு 2026 ஏப்ரல்.

“ஓடுகிறதே, எதற்குத் தொட வேண்டும்?” என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆயுள் முடிந்தபின்பும் மென்பொருள் ஓடும். அதில் புதிதாக ஒரு ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். ஓட்டை பற்றிய விவரம் மட்டும் உலகத்துக்கே தெரிந்திருக்கும். ஒட்டு (ஓட்டையை அடைக்கிற பேட்ச்) இருந்தும் போடாதவர்கள் பட்ட பாட்டுக்கு 2017 ஒரு நல்ல உதாரணம். விண்டோஸில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச் மாதமே ஒட்டு கொடுத்துவிட்டது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற வன்னாக்ரை மே 12 அன்று பரவியபோது, இடையில் இருந்த இரண்டு மாதத்தில் அதைப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஒட்டே வராத பதிப்பில் இருக்கிறவருக்கு அந்த இரண்டு மாத அவகாசமும் இல்லை. இதைக் கடைக்காரரிடம் இந்த அளவு எளிமையாகச் சொன்னாலே போதும், புரிந்துகொள்வார்.

நாளும் நேரமும்

நோட்டில் கடைசியாக ஒரு வரி விடுங்கள்: “எப்போது தொடக் கூடாது.” அல்வாக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம். குற்றாலத்தில் அறை விடுகிறவருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அவருடைய சர்வரை மாசி, பங்குனியிலேயே முடித்துவிட வேண்டும். ஜவுளிக் கடைக்கு ஆடித் தள்ளுபடி, பள்ளிக்கூடத்துக்கு அட்மிஷன் நடக்கும் மே, ஜூன். கல்யாண மண்டபத்துக்கோ ஆடியும் மார்கழியும் ஓய்வு மாதங்கள், அப்போது தாராளமாகத் தொடலாம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று டவுன் கடைக்காரர் யாரும் போனை எடுக்க மாட்டார். அன்றைக்குச் சர்வரில் ஏதாவது ஆகி, ஓடிபி கேட்க வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள்?

வாரத்தில் நான் தேர்ந்தெடுப்பது செவ்வாய் அல்லது புதன் இரவு. வெள்ளி இரவு வேண்டாம். சனி, ஞாயிறில் கேட்வேக்காரரின் உதவி எண் எடுபடாது, சர்வர் நிறுவனத்திலும் ஆள் குறைவு. நள்ளிரவு 1 மணிக்கு ஆரம்பித்தால், சிக்கல் வந்தாலும் விடிவதற்குள் சரிசெய்ய நேரம் இருக்கும்.

சர்வர் நிறுவனம் தானே அறிவிக்கும் பராமரிப்பு நேரத்தைக் கவனமாகப் படியுங்கள். அந்த அறிவிப்புகள் பெரும்பாலும் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். யூடிசி 20.30 என்று போட்டிருந்தால் நமக்கு மறுநாள் அதிகாலை 2 மணி, நல்லது. ஆனால் சர்வர் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இருந்து, அவர்கள் தங்கள் நள்ளிரவில் வேலை பார்த்தால், நமக்கு அது காலை ஒன்பதரையோ பத்தரையோ. இங்கே கடை திறந்து முதல் ஆர்டர் வருகிற நேரம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எனக்கு இது நடந்தது. அறிவிப்பு மெயில் இருபது நாள் முன்பே வந்து கிடந்தது. நேரத்தை மாற்றிப் பார்க்காமல் “நள்ளிரவு” என்ற சொல்லை மட்டும் பார்த்து விட்டுவிட்டேன். பத்தே முக்கால் மணிக்கு அல்வாக் கடை அண்ணாச்சி கூப்பிட்டார். “தம்பி, ஒம்பதரைக்குப் பெறவு ஒரு ஆர்டர்கூட வரலியே, பெட்டி கட்டுற ஆளுவ சும்மா உக்காந்திருக்காவ.” அவர் கோபப்படவில்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு அறிவிப்பையும் நம் நேரத்துக்கு மாற்றி நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்த மெயிலைத் திறக்கிறேன்.

சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

வாடிக்கையாளருக்கு எப்படி அறிவிப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு நம்மிடம் நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும்போது மின்வாரியம் செய்தித்தாளில் போடுகிற அறிவிப்பு. எந்தத் துணை மின்நிலையம், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தத் தெருக்கள். அதைப் பார்த்துத்தான் நாம் தண்ணீர்த் தொட்டியை முந்தின இரவே நிரப்பிவைக்கிறோம். உங்கள் செய்தியும் அப்படி இருக்க வேண்டும். கெர்னல், பேட்ச் என்றெல்லாம் அதில் வேண்டாம். நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவது இந்த மாதிரி:

“அண்ணாச்சி, வணக்கம். வருகிற செவ்வாய்க்கிழமை ராத்திரி கடை அடைத்த பிறகு, அதாவது புதன் விடியற்காலை 1 மணி முதல் 4 மணி வரை, நம் வெப்சைட் திறக்காது. புது சர்வருக்கு மாற்றுகிறோம். மெயிலும் அந்த நேரத்தில் தாமதமாக வரலாம், ஒன்றும் தொலையாது. புதன் காலை 8 மணிக்கு நான் கூப்பிடுவேன். நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தத் தேதி சரிப்படாது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.”

“செவ்வாய் இரவு 1 மணி” என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் திங்கள் இரவு என்றும் மீதிப் பேர் புதன் அதிகாலை என்றும் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் இரண்டு கிழமையையும் எழுதுவது. இதை ஒரு வாரம் முன்பு ஒரு முறையும், அன்று மாலை ஒரு முறையும் அனுப்புங்கள். நீல டிக் விழுந்ததை வைத்து அவர் படித்துவிட்டார் என்று நம்ப வேண்டாம். பெரிய வாடிக்கையாளர் என்றால் போனிலும் ஒரு வார்த்தை.

பேக்கப், அப்புறம் ரீஸ்டோர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பகுதியில் தண்ணீர் நின்றது. அந்த மாதிரி ஒரு நாளில், தரைத்தளத்தில் மேஜையின் கீழ் டிராயரில் வைத்திருக்கிற ஹார்ட் டிஸ்க் எதற்கும் உதவாது. பேக்கப்பில் மூன்று பிரதிகள் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்: சர்வரில் ஒன்று, உங்கள் கையில் ஒன்று, வேறு ஊரில் இருக்கிற வேறு நிறுவனத்தின் சேமிப்பில் ஒன்று. சர்வர் வைத்திருக்கிற அதே நிறுவனத்தின் அதே கணக்கில் பேக்கப்பையும் வைத்தால், கணக்கு முடங்கும் நாளில் இரண்டும் சேர்ந்து போகும்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்? தளத்தின் கோப்புகள், டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்தது), மெயில் பெட்டிகள், கிரான் வேலைகளின் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) பட்டியல், டிஎன்எஸ் பதிவுகள். கடைசி இரண்டையும் புதியவர்கள் அநேகமாக விட்டுவிடுகிறார்கள். டிஎன்எஸ் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து நோட்டில் ஒட்டிவையுங்கள்.

எடுத்த பேக்கப்பை வேறொரு சிறிய சர்வரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிற சர்வரே போதும். திறந்தவுடன் முகப்புப் பக்கம் வந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு பொருளின் பக்கம், நேற்று வந்த ஒரு ஆர்டர், ஒரு படம், தமிழில் எழுதிய ஒரு விவரிப்பு. இந்த நான்கையும் கண்ணால் பார்த்தால்தான் அது பேக்கப்.

தமிழ் விவரிப்பைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்தமடைப் பாய் விற்கிற ஒருவரின் தளத்தை மாற்றிய இரவு. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைப்பதிலிருந்து பட்டுப்பாய் நெய்து முடிவது வரை அந்த வீட்டு அக்கா ஒவ்வொரு பாய்க்கும் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். புது சர்வரில் திறந்தால், மேலே கோடு சாய்ந்த ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ இருக்கிற பதிவுச் சின்னம், மறுபடியும் அதே ‘ஏ’, அதே சின்னம் என்று பக்கம் முழுக்க ஓடியது. தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை.

அந்தச் சின்னங்களைப் பார்த்தால் பதற வேண்டாம், எழுத்து தொலையவில்லை. எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். அவற்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றுதான், இரண்டாவது பைட் இரண்டே விதம். அந்தப் பைட்டுகளை, ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கமான லத்தீன்-1 என்று தவறாகப் படித்தால், முதலாவது அந்தக் கோடு போட்ட ‘ஏ’ ஆகவும், இரண்டாவது பெரும்பாலும் அந்தப் பதிவுச் சின்னமாகவும் தெரியும். பழைய டேட்டாபேஸ் தன் இணைப்பை லத்தீன்-1 என்று வைத்திருந்து, தளம் அதற்குள் யூடிஎஃப்-8 எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தால் இப்படி நடக்கும். பழைய இடத்தில் போட்டதும் எடுத்ததும் ஒரே தவறோடு நடந்ததால் வெளியே சரியாகத் தெரிந்தது. சரிசெய்ய, பழைய சர்வரில் குறியாக்கம் லத்தீன்-1 என்று குறிப்பிட்டே டம்ப் எடுங்கள். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், தமிழ் தமிழாகவே தெரியும். பிறகு கோப்பின் தலைப்பிலும் அட்டவணை வரையறைகளிலும் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, புதிய டேட்டாபேஸில் ஏற்றுங்கள். இதைச் சோதனைச் சர்வரில்தான் செய்ய வேண்டும்.

சின்னங்களுக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் நிலைமை வேறு. எழுத்து மாற்றத்தின்போது அழிந்துவிட்டது, அந்தப் பிரதியிலிருந்து மீட்க முடியாது, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். காலியான கட்டங்கள் வந்தால் அது வெறும் எழுத்துருக் குறை, டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழ் அதில் அடங்கிவிடும், இமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். வாடிக்கையாளர் கருத்தில் ஒரு சிரிப்பு முகம் போட்டால் அதற்குப் பின்னால் எழுதியது அறுந்துபோகிற பழைய தளங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மாற்றுவதே மாற்றுகிறோம், எம்பி4 ஆகவே மாற்றிவிடலாம்.

போனிலிருந்து ஏற்றிய படங்களுக்குத் தமிழிலேயே கோப்புப் பெயர் இருந்தால், ஜிப் செய்து மாற்றும்போது பெயர் குலைந்து படம் வராமல் போகலாம். லினக்ஸில் இருக்கிற தார் அல்லது ஆர்சிங்க் கட்டளையை வைத்து நகலெடுங்கள்.

பழையதிலேயே ஏற்றலாமா, புதியதுக்குப் போகலாமா

ஒரே இயங்குதளத்துக்குள் வருகிற சிறு பாதுகாப்பு ஒட்டுகளைப் பழைய சர்வரிலேயே போட்டுவிடலாம். உபுண்டுவில் அவை தானாக ஏறும்படி வைக்க அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் இருக்கிறது, சென்ட்ஓஎஸ் வகையைச் சேர்ந்த ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸில் டிஎன்எஃப் ஆட்டோமேட்டிக். இரண்டையும் பாதுகாப்பு ஒட்டுகளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு ஒட்டு ஏறினால் ரீபூட் செய்யும்வரை பழைய கெர்னல்தான் ஓடும். ஒட்டு போட்டாயிற்று என்று நம்பிக்கொண்டு எட்டு மாதமாக ரீபூட் ஆகாத சர்வர்கள் எத்தனையோ. மாதம் ஒரு முறை ரீபூட்டுக்கு ஒரு நாள் குறித்துவிடுங்கள். அதற்கு முன் ஸ்னாப்ஷாட் (சர்வரின் அந்த நேரத்து முழு நகல்) எடுப்பதோடு, சர்வர் நிறுவனத்தின் கன்சோல் வழியாக உள்ளே போக முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ரீபூட் ஆகி எழுந்திருக்காவிட்டால் அந்த ஒரு கதவுதான் மிச்சம்.

சென்ட்ஓஎஸ் 7இலிருந்து ஆல்மாலினக்ஸ் மாதிரி பெரிய தாவல் என்றால், அதே இடத்தில் மாற்றுவதற்கு எலிவேட் போன்ற கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும் புதியவர்களுக்கு என் யோசனை, பக்கத்தில் ஒரு புது சர்வர் எடுத்துவிடுங்கள். ஒரு மாத வாடகை கூடுதலாகும். அதற்கு ஈடாக, எந்த நிமிடத்திலும் பழையதற்குத் திரும்ப முடிகிற நிம்மதி கிடைக்கும். அந்த வாடகையை வாடிக்கையாளர்களின் வருடப் பராமரிப்புத் தொகையில் முன்கூட்டியே சேர்த்து, எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வேலை நடக்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். இரண்டு நாள் முன்பு டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை, அதாவது ஒரு முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, குறையுங்கள். அது 14400 நொடி என்று இருந்தால், ஐபி மாற்றிய பிறகும் நான்கு மணி நேரம் சிலர் பழைய சர்வருக்கே போவார்கள், 86400 என்றால் ஒரு நாள். 300 ஆக்கினால் ஐந்து நிமிடம். குறைத்ததே பரவுவதற்குப் பழைய டிடிஎல் அளவு நேரம் ஆகும், அதனால்தான் இரண்டு நாள் முன்பு.

அந்த இரண்டு நாளில் புது சர்வரில் எல்லாவற்றையும் ஏற்றி, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புது ஐபியைப் போட்டுத் தளத்தைத் திறந்து பாருங்கள். ஊருக்குப் பழையது தெரியும், உங்களுக்குப் புதியது தெரியும். பிஎச்பி 7இலிருந்து 8க்குப் போகும்போது பழைய தீம்கள் முறியும். ‘ஈச்’, ‘கிரியேட் ஃபங்ஷன்’ போன்ற பழைய கட்டளைகள் பிஎச்பி 8இல் நீக்கப்பட்டுவிட்டன, அவற்றை நம்பிய நிரல் அப்படியே நின்றுவிடும். இங்கேதான் காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய தீம் மாட்டிக்கொள்ளும். அதற்கு அப்டேட்டும் வராது, பெரும்பாலும் உள்ளே யாரோ வைத்த பின்கதவும் இருக்கும். அதைத் திருத்தி ஓடவைக்க உட்காராதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டு முறையான ஒன்றை வாங்குங்கள்.

புது ஐபியைக் கேட்வே நிறுவனத்துக்கும் எஸ்எம்எஸ் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். அவர்கள் பட்டியலில் இல்லாத ஐபியிலிருந்து போகிற கோரிக்கை மறுக்கப்படும். தளம் அழகாகத் திறக்கும், ஓடிபி மட்டும் வராது. மெயில் அதே சர்வரில் என்றால் எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள ஐபிகளின் பட்டியல்) புது ஐபி ஏற வேண்டும், ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டுவது) போட வேண்டும், டிகிம் சாவி (மெயிலில் போடுகிற டிஜிட்டல் கையொப்பத்துக்கானது) கூடவே வர வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றில் கண்டிப்பாக இருக்கின்றன. ஒன்று விட்டுப்போனாலும் கிளினிக் அனுப்புகிற ரிப்போர்ட் நோயாளியின் ஸ்பேமுக்குப் போய்விடலாம்.

அந்த இரவில் முதலில் பழைய தளத்தில் பராமரிப்புப் பக்கத்தைப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால், நீங்கள் நகலெடுத்த பிறகு வருகிற ஆர்டர் பழைய டேட்டாபேஸில் விழுந்து யாருக்கும் தெரியாமல் கிடக்கும். பிறகு கடைசி ஒரு முறை கோப்புகளையும் டேட்டாபேஸையும் மெயிலையும் ஒத்திசைத்து, டிஎன்எஸ்ஸை மாற்றி, தள முகவரிக்குப் பாதுகாப்புத் தருகிற எஸ்எஸ்எல் சான்றிதழ் வந்ததா என்று பார்த்து, ஒரு ரூபாய்க்கு ஒரு சோதனை ஆர்டர் போடுங்கள். தொடங்கும் முன்பே ஒரு நேரத்தைக் காகிதத்தில் எழுதி முன்னால் ஒட்டுங்கள்: “3 மணிக்குள் ஆர்டர் போகவில்லை என்றால் பழையதற்குத் திரும்பு.” அரைத் தூக்கத்தில் “இன்னும் பத்து நிமிடம்” என்று மனம் சொல்லும். அதைக் கேட்டு விடிந்தவர்கள் உண்டு.

மாதம்தோறும் செய்ய வேண்டியது

புது சர்வர் ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே கதவுகளைச் சாத்திவிடுங்கள். எஸ்எஸ்எச்சுக்கு (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைகிற வழி) பாஸ்வேர்டை நிறுத்திச் சாவிக் கோப்புக்கு மாறுங்கள், ரூட் என்கிற முழு அதிகாரக் கணக்கு நேராக உள்ளே வரக் கூடாது, தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பவரைத் தடுக்கிற ஃபெயில்2பேன் ஓடட்டும். டேட்டாபேஸின் 3306 போர்ட் வெளியிலிருந்து தெரியவே கூடாது. எஸ்எஸ்எச்சையோ ஃபயர்வாலையோ மாற்றும்போது, ஏற்கெனவே உள்ளே இருக்கிற சன்னலை மூடாமல், இன்னொரு சன்னலில் புதிதாக உள்ளே வந்து பாருங்கள். வந்துவிட்டால் பழையதை மூடலாம். இந்த ஒரு பழக்கம் உங்களை எத்தனையோ இரவுகளில் காப்பாற்றும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சர்வரில் தனிப் பயனர் கணக்கு கொடுங்கள். இருபது தளமும் ஒரே கணக்கில் இருந்தால், பள்ளிக்கூடத் தளத்தின் ஒரு பழைய ப்ளகின் வழியாக வருகிறவன் அல்வாக் கடை வரைக்கும் நடந்து போவான். பயன்படுத்தாத ப்ளகினை நிறுத்திவைத்தால் போதாது, நீக்கிவிடுங்கள். அப்லோட்ஸ் கோப்புறையில் படங்கள்தான் இருக்க வேண்டும், அங்கே ஒரு பிஎச்பி கோப்பைப் பார்த்தால் யாரோ வந்துபோயிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்புறையில் பிஎச்பி ஓடாதபடி தடுத்துவிடுவது இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை நிர்வாகிகளின் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர் இருக்கிறதா, வேலையை விட்டுப் போனவரின் பெயர் இருக்கிறதா என்று கடைக்காரரோடு சேர்ந்தே பாருங்கள். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றும் பாருங்கள். டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நின்றுவிடும், காரணம் பெரும்பாலும் யாரும் பார்க்காத லாக் கோப்புகள்தான்.

இலவசமாகக் கிடைக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு 90 நாள் ஆயுள். முன்பெல்லாம் முடியப் போகிறது என்று மெயில் வரும், 2025 ஜூனோடு அவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்குகிற சான்றிதழ்களுக்கும் ஆயுள் குறைகிறது. 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் புதுப்பிக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே தானியங்கிக்கு மாறிவிடுங்கள். அது ஓடுகிறதா என்று பார்க்க நாள்காட்டியில் ஒரு குறிப்பும் போடுங்கள்.

தளத்துக்குள் யாராவது நுழைந்துவிட்டால் முதலில் எதையும் அழிக்காதீர்கள். தளத்தை நிறுத்தி, அந்த நிலையிலேயே ஒரு பிரதி எடுத்துவைத்து, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, சுத்தமான பேக்கப்பிலிருந்து மீட்டெடுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சர்வரின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. கடைக்காரரிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருடைய வாடிக்கையாளர்களின் போன் எண்ணும் முகவரியும் அதில் இருக்கின்றன, தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்.

மறுநாள் காலை

சொன்னபடி 8 மணிக்குக் கூப்பிடுங்கள். அவர் தன் போனிலேயே தளத்தைத் திறந்து, ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, ஆர்டர் போட்டு, ஓடிபி வந்து, பணம் போய், மெயில் வந்தது என்று சொல்லும்வரை லைனிலேயே இருங்கள். உங்கள் கணினியில் எல்லாம் சரியாக இருந்தும் அவருடைய பழைய ஆண்ட்ராய்டு போனில் தளம் திறக்காமல் போவது உண்டு. இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் ஒரு முறை கேளுங்கள். மாதக் கணக்கு எடுக்கிற அறிக்கை, நள்ளிரவில் ஓடுகிற கிரான் வேலை ஆகியவற்றின் குறை அப்போதுதான் வெளியே வரும்.

பழைய சர்வரைப் பத்து நாள் அப்படியே வைத்திருங்கள். பத்தாம் நாள் அதன் மெயில் பெட்டிகளில் புதிதாக ஏதாவது வந்து விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துப் புதியதில் சேர்த்து, கடைசியாக ஒரு முழு பேக்கப் எடுத்துத் தேதியோடு பெயரிட்டு வையுங்கள். டிடிஎல்லைப் பழையபடி உயர்த்துங்கள். நோட்டில் அந்த வாடிக்கையாளரின் பக்கத்தைத் திறந்து, பழைய பதிப்புகளை அடித்துவிட்டுப் புதியவற்றையும் அவற்றின் ஆயுள் முடியும் தேதிகளையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு பழைய சர்வரின் வாடகையை நிறுத்திக்கொள்ளலாம்.